எங்கள் பகுதியில் பாம்பு இல்லையாம்

எனக்கு மழை பிடிக்காது. மழையைப் பற்றி அழகாக எழுதுகிறவர்கள் எல்லாரும் மாடியில் குடியிருக்கிறவர்கள் என்பது என் எண்ணம். நாங்கள் தரையில் இருக்கிறோம். பெருங்களத்தூர் மேற்கே, ஏரிக்கரைக்குக் கீழே உள்ள தெரு. நான் கல்யாணமாகி வந்தபோது எதிர்ப்பக்கம் முழுக்க முள்ளும் தண்ணீரும்தான். இப்போது அங்கே நாலு மாடி ஃபிளாட்டுகள், கேட்டு, செக்யூரிட்டி. ஏரி சுருங்கிவிட்டது. அதில் இருந்த பாம்புகள் எங்கே போகும்? முதல் மழைக்கு எங்கள் தெருவுக்குத்தான் வரும்.

நான் ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஃபிளாட்டுகளுக்குப் பால் போடுகிறார். விடிவதற்குள் வீடு வீடாகக் கதவில் பால் பை மாட்டிவிட்டு வருவார். எங்கள் பிழைப்பு அந்த கேட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் ஏன் பயந்தேன் என்று புரியும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தீபாவளி வாரம். சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. காலிப் பால் டப்புகளைக் கடையோரம் அடுக்கி வைத்திருந்தோம். அவர் அடி டப்பைத் தூக்கக் குனிந்தார். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சீறுமே, அந்த மாதிரி ஒரு சத்தம். "இன்னாவோ கால்ல குத்திச்சு" என்றார். கடை பல்பு வெளிச்சத்தில், கால்வாய் மூடிக்கு அடியில் நுழைந்த உடம்பை நான் பார்த்தேன். சங்கிலி மாதிரி வட்டம் வட்டமாக. கண்ணாடி விரியன். எனக்குப் பாம்பு பார்த்துப் பழக்கம். ஆனால் அன்றைக்குக் கடையைச் சாத்தக்கூடத் தோன்றவில்லை.

எங்கள் பகுதி அரசு சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். வாட்ச்மேன் கேட்டைத் திறக்காமலே சொன்னார், டாக்டர் நாலு மணிக்கே போய்ட்டார் என்று. மெயின் ரோட்டில் ஒரு தனியார் கிளினிக். அந்த டாக்டர் இவரை நாற்காலியில் உட்காரக்கூட விடவில்லை. ஒரு டி.டி. ஊசி போட்டு, "இங்க மருந்து இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். ஆட்டோ பிடித்தோம். ஜி.எஸ்.டி. ரோடு சந்திப்பில் ஊருக்குப் போகிற கூட்டம். பையும் பிள்ளையுமாக ஜனங்கள் ரோட்டிலேயே நிற்கிறார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் பஸ். ஆட்டோ நின்றது நின்றதுதான். அவர் கால் கண்ணுக்கு முன்னாலேயே வீங்கியது. செருப்பு வாரை ஆட்டோக்காரரிடம் கத்தி வாங்கி அறுத்தேன். என் வீட்டுக்காரர் வெளியே தலை நீட்டித் துப்பினார். சிவப்பாக விழுந்தது. வெற்றிலை போடாத ஆள் அவர். ஈறிலிருந்து ரத்தம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு ஸ்டாண்டில் வைத்தார். உறைகிறதா என்று பார்க்கணுமாம். நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாமியைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. இருபது நிமிஷம் கழித்து டாக்டரம்மா குழாயைச் சாய்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது.

மருந்து ஏற்றினார்கள். பிழைத்தார். பாதத்தில் சதை அழுகி வெட்டி எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டரம்மா சொன்னார்: "இன்னும் லேட்டாகியிருந்தா கிட்னி போயிருக்கும். உங்க பக்கத்துலயே முதல் டோஸ் போட்டு அனுப்பியிருக்கலாமே." இந்த ஒரு வார்த்தை எனக்குள் முள் மாதிரி மாட்டிக்கொண்டது. போட்டிருக்கலாம். போடவில்லை.

அவர் திரும்பவும் பால் போடப் போனார். வேறு என்ன தெரியும் அவருக்கு? ஒரு இரும்புப் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் தட்டித் தட்டி நடப்பார். இருட்டில் அந்தச் சத்தம் தெரு முனை வரை கேட்கும். நான் படுத்துக்கொண்டே கேட்பேன். கேட்டுக்கு உள்ளே போனதும் நின்றுவிடும். தூக்கம் கெடுகிறது என்று ஃபிளாட்டில் சொல்லிவிட்டார்கள். அங்கே பார்க்கிங்கில் விளக்கும் கிடையாது, பொதுக் கரண்டு பில் ஏறுமாம். அந்தச் சத்தமில்லாத நேரம் முழுக்க நான் விழித்துக் கிடப்பேன்.

இந்த வருஷம் ஆவணியில் சுகாதார நிலையத்து நர்ஸ் கடைக்கு வந்தது. நல்ல பெண், எங்கள் தெருவிலேயே வளர்ந்தது.

"அக்கா, கமிட்டிக்கு உன் பேரைக் குடுத்துட்டேன்."

"இன்னா கமிட்டி?"

"இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இன்னா வோணும்னு ஜனங்களே கவர்மெண்டுக்கு யோசனை சொல்லணுமாம். பெரிய அதிகாரி வராங்க."

"இன்னா வோணும்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதாம். அதுக்குத்தான் நீ."

"டீயாவது குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. பால் உன் வூட்டுக்காரர்கிட்டதான் சொல்லியிருக்கு."

சிரித்தேன். ஆனால் உள்ளே ஒன்று பிடித்துக்கொண்டது. கேட்க ஒரு இடம் கிடைத்துவிட்டது. இனிமேல் கேட்காமல் இருந்தால் அது என் குற்றம்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஃபிளாட் சங்கத்து ஹாலில் ஒரு முன் கூட்டம் போட்டார்கள். கமிட்டியில் முக்கால்வாசிப் பேர் அவர்கள்தான். ஆளுக்கொன்று பேசினால் குழப்பமாகும், என்ன கேட்பது என்று முதலிலேயே பேசி ஒரே குரலாகச் சொல்லணும் என்பது அவர்கள் வழக்கம். தண்ணீர் லாரியிலிருந்து பிள்ளையார் சதுர்த்தி வரை அப்படித்தான். செயலாளர் பேங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர், நாலாவது மாடி. நடைபாதை, யோகா ஹால், ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை டெஸ்ட், கண் டெஸ்ட் என்று படித்தார். எல்லாம் நல்லதுதான். நான் எழுந்து, பாம்புக்கடி மருந்து வேண்டும் என்றேன்.

செயலாளர் படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே வைத்தார்.

"அதைக் கவர்மெண்ட் ரெக்கார்டுல ஏத்தணுமாம்மா?" என்றார் செயலாளர்.

"ஏத்தினாதானே சார் மருந்து வரும்?"

"நீங்க சொல்றது புரியுது. ஆனா ரெக்கார்டுல ஏறிடுச்சுன்னா நாளைக்கு எவனாவது நெட்ல போடுவான். ஃபிளாட் வாங்க வர்றவன் முதல்ல அதைத்தான் பார்ப்பான். 'மழைக்கால அவசர சிகிச்சை'ன்னு பொதுவா போட்டுக்கலாமே."

பின்னாலிருந்து ஒருத்தர், "பாம்பு இருக்குன்னு சொன்னா பேங்க்ல ஈ.எம்.ஐ. குறைப்பாங்களா சார்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "போன மழைக்கு உங்க பார்க்கிங்ல ஃபயர் சர்வீஸ்காரங்க பையில புடிச்சிகினு போனாங்களே, அது இன்னா சார், பூனைக்குட்டியா?"

"அது சாரைப்பாம்பும்மா. விஷம் கிடையாது."

"பையிலேர்ந்து அதுவே சொல்லிச்சா?"

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது செயலாளர் பக்கத்தில் நடந்து வந்தார். குரலை உயர்த்துகிற மனிதர் இல்லை. "உங்க கடை முன்னாடி தகர ஷீட்டு கால்வாய் மேல நீட்டிக்கிட்டு இருக்குன்னு ரெண்டு மூணு பேர் சொல்லிட்டே இருக்காங்க. நான்தான் சமாளிச்சு வச்சிருக்கேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

அன்றையிலிருந்து எனக்கு இரண்டு பயம். பாம்பு ஒன்று. ஷீட்டு ஒன்று. ஷீட்டு போனால் கடையில் பாதி போச்சு. ஃபிளாட்டில் பால் வேண்டாமென்று சொல்லிவிட்டால் மீதியும் போச்சு.

ஒரே ஒரு தைரியம் எனக்கு இருந்தது. ஃபிளாட்டில் கீழ்த்தளத்து வீட்டில் ஒரு ரிட்டயர்டு டீச்சர், தனியாக இருந்தார், அவரும் கமிட்டியில் உண்டு. போன மழையில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பாம்பைப் பார்த்துவிட்டுச் செருப்பில்லாமல் என் கடைக்கு ஓடி வந்தவர். அரிசி மூட்டை மேல் உட்காரவைத்து சோடா கொடுத்தேன். பல் கிளாஸில் பட்டு டக்டக்கென்றது. முன் கூட்டத்தன்று சாயங்காலம் வந்து, "நீ ஆரம்பிம்மா, நானும் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்காரருக்கு இதில் எதுவும் இஷ்டமில்லை.

"உனக்கு இன்னாத்துக்குமே இது? ஷீட்டைப் பிடுங்கிட்டான்னா உளுத்தம்பருப்பை எங்க வைப்ப, உன் தலை மேலயா?"

"உன் காலைப் பார்த்துகினு என்னைச் சும்மா இருக்கச் சொல்றியா?"

"என் காலு. நானே சும்மாதானே கீறேன்."

கூட்டம் சுகாதார நிலையத்தில், ஓ.பி. சீட்டு கொடுக்கிற ஹாலில். பிளாஸ்டிக் நாற்காலி, சாமந்தி மாலை, மைக். அதிகாரி ஒரு பெண், டாக்டர் படிப்புப் படித்தவர். களைத்த முகம். சால்வை போர்த்தினார்கள், அதை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சொல்லுங்க, உங்களுக்கு என்ன தேவை?" என்றார். செயலாளர் நன்றாகப் பேசினார். நடைபாதை வந்தது. யோகா வந்தது. மழைக்கால அவசர சிகிச்சையும் வந்தது, என்னவென்று யாருக்கும் தெரியாத மாதிரி.

என் முறை வந்தது. மைக்கை வாங்கினேன். "எங்க பக்கம் பாம்பு ஜாஸ்தி மேடம். இங்க மருந்து இல்ல. கடிச்சா ஜி.எஸ்.டி. ரோடு தாண்டிப் போறதுக்குள்ள ஆள் செத்துடுவாங்க" என்றேன். இவ்வளவுதான் வந்தது. ராத்திரியெல்லாம் மனசுக்குள் பேசி வைத்ததெல்லாம் எங்கே போனதோ.

அதிகாரி இங்கத்து டாக்டரைப் பார்த்தார். "கேஸ் வருதா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் பதிவாகல மேடம்."

எப்படிப் பதிவாகும்? கேட்டிலேயே திருப்பி அனுப்பினால்?

அதிகாரி மற்றவர்களைக் கேட்டார். "வேற யாராவது பார்த்திருக்கீங்களா? கையைத் தூக்குங்க."

"நல்லா டெவலப் ஆன ஏரியா மேடம்" என்றார் செயலாளர்.

ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை. நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் ஹேண்ட்பேக் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தார். "டீச்சர், நீங்க சொல்லுங்க" என்றேன்.

"நான்... நான் பார்த்ததில்லைம்மா."

அவர் வீட்டை விற்கப் போகிறார், பல்லாவரத்திலிருந்து ஒரு பார்ட்டி அந்த வாரமே பார்க்க வருகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும். அதிகாரி அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினார். முடிந்தது என்று நினைத்தேன். இந்த மழையும் அந்த ஆட்டோதான், அந்த டிராஃபிக்தான், அந்தக் கண்ணாடிக் குழாய்தான்.

அப்போது வாசலில் என் வீட்டுக்காரர் பால் கேனோடு வந்து நின்றார். டீக்கு.

"யோவ், உள்ள வா" என்றேன். மைக்கிலேயே சொல்லிவிட்டேன். ஹால் முழுக்கக் கேட்டது. "உள்ள வந்து காலைக் காட்டு."

அவர் அசையவில்லை. அந்தக் காலை அவர் யாருக்கும் காட்டுவதில்லை. கல்யாணத்துக்குப் போனால்கூடச் சாக்ஸ் போட்டுக்கொண்டு போவார். "இன்னாமே இது" என்று மெதுவாகச் சொன்னார். நான் அவரையே பார்த்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கேனைக் கீழே வைத்தார். பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டி, சாக்ஸைக் கழற்றினார்.

கணுக்காலிலிருந்து பாதம் வரைக்கும் பள்ளம். ஒட்டுப்போட்ட தோல் பாலித்தீன் கவர் மாதிரி பளபளக்கும். இரண்டு விரல் மடங்காது. முன் வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டது.

அதிகாரி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். "எங்க கடிச்சது? எவ்வளவு நேரம் கழிச்சு மருந்து ஏறுச்சு?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. வாட்ச்மேனிலிருந்து குழாய் வரை எல்லாம் சொன்னேன். இங்கத்து டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். "மழைக்கு முன்னாடி மருந்து வரும்" என்றார்.

என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டீக்குப் பால் ஆறிடும் மேடம். நான் போலாமா?"

அதற்கப்புறம் ரொம்ப நாள் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான். ஒருநாள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சந்தையில மாட்டுக்குப் பல்லைப் புடிச்சிக் காட்டுற மாதிரி காட்டின." அவர் சொன்னது சரிதான். திரும்ப அந்த ஹாலில் நின்றாலும் கூப்பிடத்தான் கூப்பிடுவேன்.

நடக்கும் என்று பயந்ததெல்லாம் நடந்தது. ஃபிளாட்டில் சில வீடுகளில், "ஆப்ல வாங்கிக்கிறோம்பா" என்று பாலை நிறுத்தினார்கள். கார்ப்பரேஷனிலிருந்து டேப் வைத்துக்கொண்டு அளக்க ஆள் வந்தது. ஷீட்டைச் சுவரோடு அறுத்துவிட்டுப் போனார்கள். மூட்டையெல்லாம் உள்ளே வந்து, இப்போது கடையில் நான் உட்கார்ந்தால் கால் நீட்ட இடமில்லை. செயலாளர் வழியில் பார்த்தால் முன்னைப்போலவே வணக்கம் சொல்கிறார்.

மருந்தும் வந்தது. அதையும் சொல்லணும். நர்ஸ் என்னைக் கூப்பிட்டுத் தடுப்பூசி ஃபிரிட்ஜைத் திறந்து காட்டியது. சின்னச் சின்ன பாட்டில்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

"யார் போடுவாங்க?"

"டாக்டர்தான்கா போடணும். சிலருக்கு அலர்ஜி வரும், உடனே பார்க்கணும்."

"டாக்டர் எத்தினி மணி வரைக்கும்?"

நர்ஸ் ஃபிரிட்ஜை மூடியது. "நாலு."

டாக்டரைச் சொல்லியும் பிரயோஜனமில்லை, பக்கத்து நிலையத்துக்கும் அவர்தான் டாக்டர். ஆனால் என் வீட்டுக்காரரைப் பாம்பு கடித்தது விளக்கு வைக்கிற நேரத்தில். அவர் பால் போடுவது விடிகிறதற்கு முன்னால். பூட்டின கதவுக்குப் பின்னால் மருந்து குளிர்ந்துகொண்டிருக்கும், வாசலில் நாங்கள் நிற்போம். முன்பு மருந்து இல்லை என்று பயந்தேன். இப்போது இருக்கிறது என்று தெரிந்து பயப்படுகிறேன். இதுதான் மோசம்.

புரட்டாசிக் கடைசியில் டீச்சர் கடைக்கு வந்தார். தீப்பெட்டி கேட்டார். வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"வீடு முடிஞ்சுதும்மா. பையன் வீட்டுக்குப் போறேன்."

"சரிங்க டீச்சர்."

"வாங்கினவங்களுக்குக் கைக்குழந்தை. இப்பதான் தவழுது." தீப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. நீ சொல்லிடும்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வித்த காசு உனக்கு, பயம் எனக்கா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பாம்பைப் பார்த்த அன்றைக்கு இருந்த அதே முகம். தீப்பெட்டிக்குச் சில்லறை கொடுத்து அனுப்பினேன்.

வீட்டை வாங்கின பெண் குடிவந்த மறுநாளே பால் கேட்டுக் கடைக்கு வந்தது. இடுப்பில் குழந்தை. நான் சுற்றி வளைக்கவில்லை. பாத்ரூம் ஓட்டைக்கும் வாஷிங் மெஷின் ஓட்டைக்கும் இரும்பு வலை அடி, செருப்பை உதறிப் போடு, சாயங்காலம் கதவைத் திறந்து வைக்காதே, பாம்பு கடித்தால் கயிறு கட்டாதே, பிளேடால் கீறாதே, பகலென்றால் இந்த ஆஸ்பத்திரி, நாலு மணிக்கு மேல் இங்கே போய் நேரத்தை விடாதே, நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. குழந்தையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டது.

"எங்ககிட்ட யாருமே சொல்லலையேக்கா. லோன் போட்டு வாங்கிட்டோமே."

"அடுத்த கூட்டத்துக்கு நீயும் வா. சாயங்கால டாக்டர் கேக்கணும்."

"எப்போ கூட்டம்?"

எனக்குத் தெரியவில்லை. நர்ஸுக்கும் தெரியவில்லை. தேதி இன்னும் போடவில்லை. அதற்குள் ஐப்பசி பிறந்து மழை வந்துவிட்டது.

நேற்று விடியற்காலையில் அவர் பைப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருவில் கணுக்கால் தண்ணீர். பூட்ஸை நான் கவிழ்த்து உதறிக் கொடுத்தேன். தட்டுகிற சத்தம் தெருவைத் தாண்டி கேட்டு வரைக்கும் போனது. இனிமேல் கேட்காது என்று போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கேட்டது. பார்க்கிங் சிமெண்டுத் தரையில் இரும்பு விழுகிற சத்தம், கணீர் கணீரென்று, கேட்டுக்கு உள்ளேயிருந்து. மேலே ஏதோ ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது.

திரும்பி வந்து ஈரக் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் கீழ் வூட்டுப் பொண்ணு ஜன்னல்கிட்ட நின்னுகினு கீது. 'தட்டிகினே வாங்கண்ணா'ன்னு சொல்லிச்சு."

"நாலாவது மாடி ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லுவாங்க" என்றார்.

பூட்ஸை வாங்கி ஆணியில் தலைகீழாக மாட்டினேன். வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. சுகாதார நிலையத்துக்கு டாக்டர் வர இன்னும் நேரம் இருந்தது.